ஐந்தாவது போர்வையின் மூலை

ஜூலை 3, புதன்

குணசுந்தரியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் முடியாது என்றார் டாக்டர். முப்பத்தைந்து வருடமாக எதிர்வீட்டிலிருந்து இவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. இன்று அந்த வாசலில் சத்தமே இல்லை.

மகள் சுபாஷிணி ஓசூரில் இருக்கிறாள். ஆறாம் மாதம். இரண்டு தடவை கலைந்துபோய் மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு, உறையூருக்கு எங்கே வருவது. போனில் அழுதாள். "வசு பெரியம்மா, நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க படுத்திருக்கேன்" என்றாள். மருமகன் வந்து இரண்டு நாள் நின்று, லூர்து என்ற அம்மாளைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினான். ஒரு சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறான்.

ஜூலை 6, சனி

குணாவின் பீரோவைத் திறந்து பார்த்தேன். பாதியில் நிற்கும் பிள்ளைப் போர்வைகள் ஐந்து. உள்ளே நைந்த வேட்டி நாலு மடிப்பு, மேலே தையல்கடைகளில் கேட்டு வாங்கிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. இந்த வட்டாரத்தில் பிள்ளை பிறந்தால் குணா போர்வைதான் வேண்டும். இதற்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் தையல் டீச்சராக இருந்தவள் நான். இவள் என்னிடம் படித்திருந்தால் ஓட்டுத் தையலாவது நேராகப் போயிருக்கும்.

நான்கில் பெயர்ச் சீட்டு குத்தியிருக்கிறது. ஐந்தாவதில் சீட்டு இல்லை, இரண்டு பக்கம் ஓட்டுத் தையலும் பாக்கி. அதில் சுபாவின் பள்ளிச் சீருடை நீலமும் அவள் பாவாடைத் துணிகளும் இருப்பதால் யாருக்கென்று தெரிந்துவிட்டது. ஐந்திலும் ஒரு மூலை, நாலு விரல் அகலத்துக்கு, தைக்காமல் திறந்தே இருக்கிறது.

சீட்டு குத்திய நான்கையும் நானே முடித்துக் கொடுக்கிறேன் என்று சுபாவுக்குப் போன் செய்தேன். "அவங்கவங்க வீட்ல பிறந்ததும் முடிச்சுக் குடுத்துருங்க பெரியம்மா, அம்மாவுக்கு அதுவே பாதி தெம்பு" என்றாள். குணாவிடமும் சொன்னேன். கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

முதல் போர்வை முடிந்தது. புத்தூரில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து பத்து நாளாகிறது. மூலையை மட்டும் மூடினால் போதும், ஆனால் அந்தக் கோணல் பக்கத்தில் என் கையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து, கோடு போட்ட மாதிரி மறுபடி தைத்தேன். குணாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். நூல் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். இந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஜூலை 17, புதன்

புத்தூர்க்காரி போர்வையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "கை மாறியிருக்கு டீச்சர். இது பள்ளிக்கூடத் தையல். குணாம்மா தைச்ச பக்கம் கை வச்சாலே மெத்துனு இருக்கும்" என்றாள். என் முகத்துக்கு நேராக, குணாவின் கட்டிலுக்கு முன்னால்.

குணாவுக்கு உதட்டின் இடது பக்கம் மட்டும்தான் அசையும். அது அசைந்தது. சிரித்தாளோ என்னவோ.

ஜூலை 28, ஞாயிறு

பத்து நாளாக இதே வேலை. பழைய தலையணை உறையில் குணாவின் தையலைப் போட்டுப் பழகுகிறேன். மூன்று தையல் ஒரே அளவில் போகும், நாலாவது குட்டையாக விழும், காலில் முள் குத்தினவள் நடப்பது போல. நூலையும் இழுத்து இறுக்குவதில்லை, தளர விட்டுவிடுகிறாள். அதனால்தான் மெத்தென்று இருக்கிறது போலும். நேராகத் தைக்கிறவளுக்குக் கோணலாகத் தைப்பது எத்தனை பாடு என்று யாருக்குத் தெரியும்? விரல் நுனியெல்லாம் புண்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வந்துவிட்டது. புத்தூர்ப் போர்வையைத் திரும்பப் பிரித்து அவள் மாதிரியே தைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்பிள்ளை தடவிப் பார்த்து, "இப்பத்தான் சரி. குணாம்மாவுக்குக் கை வந்துருச்சா?" என்று கேட்டாள். ஆமாம், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது போர்வை பீமநகருக்குப் போக வேண்டியது. அங்கும் பிள்ளை பிறந்துவிட்டது. அதை முடித்து குணாவின் நெஞ்சின் மேல் விரித்து, இரண்டு மூலைகளைக் காட்டினேன். "இதுல எதுடி நீ தைச்சது?" நெடுநேரம் பார்த்துவிட்டு இடது கையால் ஒன்றைத் தொட்டாள். அது நான் தைத்தது. அவளிடம் சொல்லவும் செய்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு இன்று முழுக்க உடம்பில் அலுப்பே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மூன்றாவதையும் நாலாவதையும் முடித்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. ஊசியை எடுத்ததுமே குணா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். லூர்து ஓடிவந்து, "பொறக்கறதுக்கு முந்தி மூலைய மூட வேணாங்கறாங்க டீச்சர்" என்றாள். இவள் வந்து ஒன்றரை மாதம், அதற்குள் குணாவின் பாஷை இவளுக்குப் புரிகிறதாம்.

அந்தக் கதை எனக்குத் தெரியாதா? பிள்ளை பிறந்து அழுத சத்தம் காதில் விழுந்த பிறகுதான் குணா மூலையை மூடுவாள். அதற்கு முன்னால் முடித்த துணி பிள்ளைக்கு ஆகாதாம். பிறக்காத பிள்ளைக்குச் சட்டை எடுக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதில் இவள் கண்டுபிடித்த குறுக்குவழி. நாலு விரல் விட்டுவிட்டால் அது முடிந்த துணி ஆகாதாம், சாமியை ஏமாற்றுகிறாள். என் வகுப்பில் மூலையை மூடாமல் கொடுத்தால் பத்துக்கு மூன்றுதான் போடுவேன். மூடினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மூடிய இரண்டு போர்வைகளில் ஒன்றுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண், மூன்றே கால் கிலோ, தெருவே கேட்க அழுகிறதாம். குணாவிடம் போய்ச் சொன்னேன். "என்னடி ஆச்சு? ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன். அவளால் பதில் சொல்ல முடியாது என்பதைச் சில சமயம் மறந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை. முழங்கால் வலி. ஐந்தாவது போர்வையை வெளியே எடுத்து வைத்தேன்.

இதை எழுதி என்ன ஆகப் போகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் குணா ஒரு போர்வை தைத்தாள். மூலையைத் திறந்துதான் வைத்திருந்தாள். எட்டாம் மாதம் எனக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம் சுபா பிறந்தபோது பார்க்கப் போனேன், பிள்ளை அந்தப் போர்வையில் படுத்திருந்தது. என் கல்யாணப் புடவை ரவிக்கைத் துண்டு அதன் நடுவில் இருந்தது. மூலையை மூடியிருந்தாள். "நல்ல துணி, வீணாப் போக வேணாம்னு எடுத்துக்கிட்டேன் வசு. தப்பா நெனச்சுக்காத" என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொண்டதே இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சுபாவின் போர்வையில் பாக்கி நின்ற இரண்டு பக்கமும் தைத்து, மூலையையும் நேற்றே மூடிவிட்டேன். இன்று போய்ப் பார்த்தால் மூலை திறந்திருக்கிறது. நூல் துண்டு துண்டாகக் குணாவின் மோவாயில் ஒட்டியிருந்தது. இடது கையால் பிடித்துப் பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறாள். போர்வையைக் கைக்கு எட்டும்படி கொடுத்தது யார் என்று லூர்தைக் கேட்டேன். "அவங்க கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள். எப்படிக் கேட்டாளாம்?

மறுபடி மூடினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மறுபடி பிரித்திருக்கிறாள். ஈறில் ரத்தம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

லூர்து காலைப் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். ஊசி இருக்கும் இடத்தில் இவள் கையை வீசினால் கண்ணில் குத்திவிடும். அவள் நன்மைக்காகத்தான் இடது கையை வேட்டிக் கிழிசலால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். இறுக்கமாக இல்லை. பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூலையை மூடினேன். மூன்று சீராக, நாலாவது குட்டையாக. அவசரப்படவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாருடி, உன் தையலுதானே" என்றேன். திறக்கவில்லை. முடித்து நூலைக் கடித்துத் துப்பின பிறகுதான் திறந்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் பார்த்ததில்லை. கெஞ்சுகிறாள் என்று தெரிந்தது. எழுதுவதில் பொய் எதற்கு, தெரிந்தது.

போர்வையை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

கூரியரில் ஓசூருக்கு அனுப்பியாயிற்று. "உன் அம்மா உனக்காகத் தைத்தது" என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன். தைத்தது அவளும்தானே. பெற்ற மகளுக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, சனி

சுபா போன் செய்தாள். அழுகிறாள், சிரிக்கிறாள். "பிரிச்சதுமே அம்மா கைன்னு தெரிஞ்சுபோச்சு பெரியம்மா. அந்த நொண்டித் தையல் வேற யாருக்கு வரும்?" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிச் சொன்னதில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி, மூலை மூடியிருக்கிறதே, அம்மா எப்போது முடித்தாள் என்று கேட்டாள். அந்த நிமிஷத்தில் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பாராட்டு போய்விடும். விழுவதற்கு முந்தியே முடித்துவிட்டாள் போலிருக்கிறது, பீரோவில் அப்படித்தான் இருந்தது என்றேன். அந்த மூலையை மட்டும் பிரித்துவிடட்டுமா என்று கேட்டாள். படித்த பெண் பேசுகிற பேச்சா இது, அம்மா கைப்பட முடித்ததைப் பிரிப்பாயா என்று கடிந்துகொண்டேன். சரி பெரியம்மா என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீடியோவில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள் சுபா. போனைக் காட்டினேன். சுபாவின் மடியில் அந்தப் போர்வை. அதைக் கண்டதும் குணா இடது கையைத் தூக்கித் தூக்கி அடித்தாள், வாயிலிருந்து வெறும் காற்றாக வந்தது. "அம்மா என்ன சொல்றாங்க?" என்றாள் சுபா. ரொம்ப நேரமாக உட்கார வைத்ததில் களைத்துவிட்டாள், படுக்க வேண்டுமாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். லூர்து கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

மருமகன் போன் செய்தான். ஆண் குழந்தை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டதாம். உயிரில்லாமல்தான் வெளியே எடுத்தார்களாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

குணாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அழவில்லை. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நகத்தை அழுத்தினாள். ரத்தம் வரும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

கொடி சுற்றியது என்று டாக்டரே சொல்லிவிட்டார். கொடிக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்? நான் தைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். தூக்கம் வரவில்லை. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. தையல் மிஷினுக்குச் சந்தனம் வைக்கவில்லை.

லூர்தை நிறுத்திவிட்டேன். பாலில் பாதியை அவளே குடிக்கிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். போகும்போது, "டீச்சர், அந்தப் பொண்ணு வந்தா நீங்களே சொல்லிருங்க. அந்தம்மாவால முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சொந்த ஊர் எதோ கடற்கரைப் பக்கம். போன் நம்பரைச் சுபாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளையிலிருந்து காலையில் மட்டும் ஒரு பெண் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சுபா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அம்மா எல்லார் வீட்டுக்கும் மூலைய விட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் விடல? அவங்களுக்கு உடம்பு முடியாமப் போகப்போவுதுன்னு தெரிஞ்சு அவசரப்பட்டாங்களா? யோசிச்சு யோசிச்சுப் பைத்தியம் பிடிக்குது பெரியம்மா."

பதில் எழுதினேன். "மூடினது நான்தான்" என்று. அனுப்பும் இடத்தில் விரல் இருந்தது. அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? இந்தத் தெருவில் ஒருத்தி என்னோடு பேசுவாளா? எனக்கென்று இருப்பது பெரியம்மா என்று கூப்பிடும் இந்த ஒரு குரல்தான். அழித்துவிட்டு, "எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அனுப்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சுபா வந்தாள். பாதியாக இளைத்திருக்கிறாள். புருஷன் காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

அம்மாவைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து போர்வையை எடுத்து அவள் நெஞ்சின் மேல் வைத்தாள். அந்த மூலையைத் தேடி எடுத்து அம்மாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"ஊர்ல ஒருத்திக்கும் மூடாதவ, எனக்கு மட்டும் ஏம்மா மூடினே?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. குணாவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தொண்டையில் அந்தச் சத்தம். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினாள். விரலை நீட்டினாள். எனக்கு நேராக. மற்ற நாளெல்லாம் ஆடுகிற கை அது, இன்று ஆடவே இல்லை.

சுபா அந்த விரலைப் பார்த்தாள். அது காட்டுகிற பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூஜாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன பெரியம்மா சொல்றாங்க?"

"தண்ணி கேக்கறா" என்றேன்.

டம்ளரில் ஊற்றிக்கொண்டு போனேன். கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் முழுக்கக் கழுத்தில் வழிந்து போர்வையில் இறங்கியது. "இப்படித்தான், கேக்கறது, குடுத்தா குடிக்கறதில்ல" என்று சுபாவிடம் சொன்னேன். கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. நான்தான் மடக்கிப் பக்கத்தில் வைத்தேன்.

சுபா எழுந்துவிட்டாள். போர்வையை எடுத்துக்கொள்ளவில்லை. வாசல்வரைக்கும் போனேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவங்க மூஞ்சியப் பாக்க என்னால முடியல பெரியம்மா. இனிமே நான் வர மாட்டேன். நீங்க இல்லேன்னா அவங்களுக்கு யாரு இருக்கா, பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காரில் ஏறும்போது காலில் விழுந்து கும்பிட்டாள். நல்லா இரு என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று முழுக்க குணா எதையும் விழுங்கவில்லை. போர்வையைத் துவைத்து மடித்து அவள் முதுகுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன், படுக்கைப் புண் வராமல் இருக்கும். காலையில் கஞ்சி கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. பதினோரு மணிக்குத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு மறுபடி சூடு பண்ணிக்கொண்டு போனேன். எனக்கு வேறு வேலை இல்லை, உட்கார்ந்திருந்தேன்.

நாலரை மணிக்குத் திறந்தாள். ஆறு ஸ்பூன் குடித்தாள்.